ஏழடிப் படம்

கலியாணசுந்தரத்துக்குத் தெரியாத சங்கதி உலகத்தில் ஒன்றும் கிடையாது. இதைக் கமலவேணி ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, அவரே சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். கல்யாணமான மூன்றாம் நாள், சோறு வடிப்பது எப்படி என்று அவளுக்குப் பாடம் நடத்தினார். அதுவரை அடுப்பங்கரைப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை. அரிசி களையத் தெரியாத மனுஷன், கஞ்சியின் பதத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். ஆள் எவ்வளவு என்பது அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மலாக்காவில் ஒரு சர்க்கார் ஆபீஸில் அவர் இரண்டாம் கிராணி, அதாவது குமாஸ்தா. அவருக்கு மேலே பெரிய கிராணி கணேசமூர்த்தி. அந்த நாற்காலி என்றைக்காவது காலியாகும், அதில் தாம் போய் உட்காரலாம் என்று ஒன்பது வருஷமாகக் காத்திருந்தார். கணேசமூர்த்தியோ தும்மல்கூடப் போடாமல் திடகாத்திரமாக இருந்தார்.

காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். கறையான் அரிக்காமலிருக்க வீட்டுக்காரர் உள்ளேயும் வெளியேயும் கறுப்பு எண்ணெயை அப்பி வைத்திருந்தார். பட்டப்பகலில் விளக்கைப் போட்டால்தான் முன்கூடத்தில் ஆளுக்கு ஆள் முகம் தெரியும். ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக் கமலவேணி அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். பிள்ளை இல்லை. அதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. அந்த விளக்கத்தில் அவருடைய பங்கு என்று எதுவும் வராது.

கமலவேணி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பனும் ஆத்தாளும் ஒரே மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர, எட்டு வயது மூத்த அண்ணன் தியாகுதான் அவளை வளர்த்தான். அவனுக்குப் பெரிய துரையின் பங்களாவில் வேலை. என்ன வேலை என்றால் நாயைப் பார்த்துக்கொள்வது. நாய்க்குப் புரூனோ என்று பெயர். அதைக் குளிப்பாட்ட வேண்டும், சீவ வேண்டும், உண்ணி பொறுக்க வேண்டும், அதற்கு முட்டை அவித்து ஊட்ட வேண்டும். அந்த முட்டையில் ஒன்று தனக்கு வேண்டும் என்று தியாகு ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வேலை போயிருக்கும். தலை சீவிப் பின்னலும் போட்டு, லயத்து வரிசை வீடுகளில் மற்றப் பெண்பிள்ளைகளுக்குச் சமமாகத் தங்கச்சியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் அவன் நாய்க்குச் சீவப் போவான்.

ஜப்பான்காரன் வந்தான். துரை சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறினார். நாயை என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது, ஆட்களைப் பற்றி அவர் யோசித்ததாகவும் தெரியவில்லை. நாற்பத்து மூன்றில் லாரி வந்து தோட்டத்து இளவட்டங்களைச் சயாம் ரயில்பாதை போட அள்ளிக்கொண்டு போனது. தியாகுவுக்கு அப்போது இருபது வயது. போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மூன்று பேர். அவன் அந்த மூன்றில் இல்லை.

அவனுக்குப் புகைப்படம் எதுவும் கிடையாது. கூலிக்காரனை நிற்கவைத்துப் படம் பிடிக்க யாருக்கு என்ன வந்தது? பன்னிரண்டு வயதில் பார்த்த முகத்தைக் கமலவேணி மனசிலேயே பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அது வருஷத்துக்கு வருஷம் கரைந்துகொண்டே வந்தது. முதலில் காது போயிற்று, பிறகு நெற்றி. குரல் மட்டும் அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் தியாகு கூப்பிடுவது கேட்கும், திரும்பிப் பார்த்தால் யாரோ ஒருவன் நிற்பான். அதை நினைத்து அவள் பல நாள் தையல் மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஐம்பத்தேழாம் வருஷம். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருகிறது என்றதும் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். யுத்தம் முடிந்து திரும்பி வந்திருந்த அந்தப் பெரிய துரையும் புறப்பட்டார். பங்களாச் சாமான்களுக்கு லேலோங் போட்டார்கள். ஏலம் என்றால் போதும், மலாக்காவே கிளம்பி வந்துவிட்டது. வெள்ளைக்காரன் தொட்ட சாமானில் எதையாவது வீட்டில் வைக்காவிட்டால் சுதந்திரம் கிடைக்காது என்று நினைத்தார்களோ என்னவோ. காலுடைந்த நாற்காலிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். ஒரு பால்காரர் துரையின் குளியல் தொட்டியை வாங்கிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அன்றைக்கு அங்கே வந்தவர்களில் புத்தியுள்ளவர் அவர் ஒருவர்தான்.

கலியாணசுந்தரம் குறிவைத்தது துரையின் படம் காட்டும் மிஷினை. அதை ஒரு சீனத் தவுக்கே, பெரிய கடை முதலாளி, ஒரே பேச்சில் தூக்கிக்கொண்டு போனார். மிஷினோடு சேராமல் நாலு தகர டப்பாக்களில் ரீல்கள் கிடந்தன. அடுத்தவன் குடும்பம் டென்னிஸ் ஆடுவதைத் தவுக்கே எதற்குப் பார்க்கப்போகிறார்? வேண்டாமென்று ஒதுக்கினார். அவர் ஒதுக்கியதைக் கலியாணசுந்தரம் பொக்கிஷம்போல் எடுத்துக்கொண்டார். மிஷின் இல்லாதவருக்கு ரீல் எதற்கு என்று அங்கேயே ஒருவர் கேட்டார்.

“முதல்ல ரீலு, அப்புறம் மிஷினு. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு” என்றார் கலியாணசுந்தரம்.

பங்களாவில் முப்பது வருஷம் சமைத்த தம்பிராஜா பின்கட்டில் நின்றிருந்தார். புருஷனோடு வந்திருந்த கமலவேணியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து கிட்டே வந்தார்.

“தியாகு தங்கச்சிதானே நீ? அந்த டப்பாவைப் பத்திரமா வெச்சுக்க, புள்ள. நாய்ப் படம் ஒண்ணு அதுல இருக்கு. முப்பத்தொம்பதுல துரை பிடிச்சாரு. உங்கண்ணன் குந்திக்கிட்டு நாயைக் குளிப்பாட்டுவான். என்னமா சிரிப்பான் தெரியுமா. பங்களாவுல போட்டப்ப நான் பார்த்தேன்.”

அவள் நாலு டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். ஒன்றின் மூடியில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. புரூனோ, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது என்று கலியாணசுந்தரம் படித்துச் சொன்னார். மறுநாள் அவர் ஆபீஸுக்குப் போனதும் அந்த ரீலில் இரண்டு முழம் உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கட்டம் கட்டமாக எறும்பு அளவில் ஏதேதோ இருந்தன. வெள்ளையாக நின்றது துரை. புள்ளியாக இருந்தது நாய். அதன் பக்கத்தில் ஒரு கடுகு. அந்தக் கடுகுதான் அண்ணன் முகம். கண்ணில் நீர் வந்து அதுவும் தெரியாமல் போயிற்று.

மிஷின் வாங்க வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவர் கலியாணசுந்தரம். ஆனால் அதற்காகத் தூக்கம் கெட்டவள் கமலவேணி. “எதையாவது ஒண்ணை வாங்குங்களேன். அண்ணனை ஒரு தடவை பார்த்துட்டா போதும்” என்றாள்.

“எதையாவதா? ஆராய்ச்சி பண்ணாம வாங்கறவன் முட்டாள்” என்றார் அவர்.

ஆராய்ச்சி ஐந்து மாதம் நடந்தது. ஆபீஸ் காகிதத்தில் கோடு போட்டு, விளக்கின் வெளிச்சம், மோட்டாரின் சத்தம், மிஷினின் எடை, செய்த தேசம் என்று ஒவ்வொன்றாக எழுதினார். ஊரில் ஒரு படக்கொட்டகை ஆப்பரேட்டருக்கு மூன்று தடவை தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். மிஷினைப் பற்றி ஒன்றுமே தெரியாத கோயில் தர்மகர்த்தாவிடம்கூட அபிப்பிராயம் கேட்டார். இதற்குள் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, கொடி மாறியது, ஊரெல்லாம் விளக்குப் போட்டுக் கழற்றியும் விட்டார்கள். அவர் இன்னும் வெளிச்சம் என்ற கட்டத்திலேயே நின்றார். தம் முன்கூடம் எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்று மட்டும் அந்தக் காகிதத்தில் எங்கேயும் எழுதவில்லை.

கடைசியில் பண்டார் ஹிலிரில் காதர் மைதீன் கடைக்கு இருவரும் போனார்கள். பழைய ரேடியோ, கிராமபோன், கேமரா எல்லாம் வாங்கிப் பழுது பார்த்து விற்கிற கடை. காதர் மைதீன் வயதானவர், பேச்சில் நிதானமானவர். கலியாணசுந்தரத்தின் சக்திக்கு ஏற்றபடி இரண்டு மிஷின்களை மேஜைமேல் எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, ஜப்பானில் செய்தது, தையல் மிஷின் தலை அளவுதான் இருக்கும். மற்றது இங்கிலீஷ்காரன் மிஷின், பழசு, பெட்டியோடு தூக்க ஆள் வேண்டும்.

“சின்ன மிஷினு பத்தடி தள்ளி வெச்சா நாலடிப் படம் விழும், கிராணியாரே. வீட்டுக்கு அது தாராளம். மத்தது அதே பத்தடியில ஏழடி அடிக்கும். பெரிய சுவரு இருந்தாத்தான் அதுக்குச் சரிப்படும். உங்க கூடம் எம்மாம் பெருசு?” என்றார் காதர் மைதீன்.

கூடத்தின் அளவைக் கலியாணசுந்தரம் சொல்லவில்லை. ஏழு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் முடிவு கட்டிவிட்டார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, இங்கிலீஷ் மிஷினின் பித்தளைத் தகட்டை வாய்விட்டுப் படித்தார். சின்ன மிஷினே போதுமே என்று கமலவேணி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

“உங்கண்ணனைக் கொன்னவன் செஞ்ச சாமானு. அதையா என் வீட்டுக்குள்ள கொண்டாரச் சொல்ற?” என்றார் அவர்.

கல்யாணமான ஒன்பது வருஷத்தில் தியாகுவைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. அண்ணன் செத்த தேதியும் இடமும் அவளுக்கே தெரியாது, துக்கம் விசாரித்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கு ஏழடிப் படத்துக்காக அவனை இழுத்து நடுவில் போட்டார். அவனைக் கொன்றவன் மிஷின் செய்யவில்லை, மிஷின் செய்தவன் அவனைக் கண்டதும் இல்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. கடையில் வைத்துப் புருஷனை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்த்துவிட்டார்களே, அதனால் விழுங்கிக்கொண்டாள்.

காதர் மைதீன் அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

“அதுதான் ரீலாம்மா? குடு தங்கச்சி, இப்பவே சுவத்துல போட்டுக் காட்டுறேன். நாலு நிமிசம்கூட ஆகாது.”

கமலவேணியின் கை தானாக நீண்டது. குறுக்கே கலியாணசுந்தரத்தின் கை வந்தது.

“கடைச் சுவத்துல பார்க்கற படமில்ல இது, காதர் நானா. வீட்டுல பெரிய மனுசங்களைக் கூப்பிட்டுத் தொறப்பு வெக்கப் போறேன். அன்னைக்குத்தான் பொட்டியைப் பிரிக்கணும்.”

காதர் மைதீன் டப்பாவை மட்டும் வாங்கித் திறந்து, ரீலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூடினார். “ரொம்பப் பழசு, தங்கச்சி. காஞ்சு கெடக்குது. ஒரு தடவை ஓடும். ரெண்டாந்தடவை ஓடும்னு நான் சொல்ல மாட்டேன். போடுற அன்னைக்கு நல்லாப் பார்த்துக்க.”

அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே தடவை. அந்த ஒரு தடவையும் இந்த மனுஷன் கையில்.

திறப்பு விழா என்று அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. துரைமார் போனதில் ஆபீஸில் மேலே ஓரிரு இடங்கள் காலியாகியிருந்தன. கணேசமூர்த்தி மேலே போனால் அவர் நாற்காலி இவருக்கு. அதற்குக் கணேசமூர்த்தி இவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுத வேண்டும். எழுத வைக்க, வீட்டுக்குள்ளேயே கொட்டகை வைத்திருக்கிற கிராணி என்று தம்மைக் காட்ட வேண்டும். அவருடைய கணக்கு அவ்வளவுதான். படத்தில் யார் இருந்தால் அவருக்கென்ன.

மிஷின் வந்ததும் முதலில் திரிஷா வண்டியில் ஏறி ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போயிற்று. அர்ச்சனை ஆயிற்று. சூடம் காட்டினார்கள். மிஷினின் நாலு காலுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கப் பார்த்தார்கள், அது உருளுகிற வண்டி இல்லையே, பழம் மிஷினைத்தான் கவிழ்க்கப் பார்த்தது. பூஜை முடிந்து வீட்டுக்கு வந்த மிஷினைப் பார்த்துக் கமலவேணி தலையில் அடித்துக்கொண்டாள். மிஷினுக்கு நெற்றி எது என்று தேடிய கலியாணசுந்தரம், முன்னால் வட்டமாகப் பளபளத்த கண்ணாடியில் பெரிய சந்தனப் பொட்டாக வைத்து, நடுவில் குங்குமமும் இட்டிருந்தார். படம் வர வேண்டிய வழியே அந்தக் கண்ணாடிதான். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து முந்தானை நுனியை நனைத்து அவள் அதைத் துடைத்து எடுத்தாள்.

திரைக்கு அவருடைய எட்டு முழ வேட்டி. அதைக் குறுக்குவாட்டில் சுவரில் கட்டினார். நீளம் போதும், உயரம் நாலடிதான். ஏழடிப் படத்துக்கு ஐந்தடிக்கு மேல் உயரம் வரும் என்று தினமும் துணி அளக்கிற கமலவேணிக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

“இன்னொரு வேட்டியைக் கீழ சேர்த்துத் தெச்சுடட்டுமா?” என்று கேட்டாள்.

“நடுவுல தையல் ஓடுமே. ஒட்டுப்போட்ட திரையில படம் காட்டுறான்னு பெரிய கிராணி நினைக்கிறதுக்கா?”

“அப்ப மிஷினைக் கொஞ்சம் கிட்டத்துல கொண்டாந்து வைங்க. படம் சின்னதா விழும்.”

“பெரிய கிராணிக்கு முன்னால மிஷினை வெச்சு அவருக்கு முதுகைக் காட்டச் சொல்றியா? கொட்டகையில மிஷினு பின்னாலதான் இருக்கும். தவிர, சின்னதாப் பார்க்கறதுக்கா இவ்ளோ பெரிய மிஷினு?”

ரீல் தேய்ந்துவிடும் என்று ஒத்திகையும் பார்க்கவில்லை. வெறும் வெளிச்சத்தை மட்டும் வேட்டியில் அடித்துப் பார்த்துவிட்டுப் பிரமாதம் என்றார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறப்பு. கணேசமூர்த்தி ராத்திரி எட்டு மணிக்குப் படுத்துவிடுவாராம், அதனால் பகலிலேயே. ஜன்னல்களைக் கம்பளியும் சாக்கும் போட்டு அடைத்தார்கள். ஆபீஸிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரே மெத்தை நாற்காலியில் கணேசமூர்த்தி உட்கார்ந்தார். மற்றக் கிராணிமாரும் அவர்கள் பெண்டாட்டிகளும் பாயில். மொத்தம் பதினெட்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தகரக்கூரைக்குக் கீழே வெந்தார்கள். கலியாணசுந்தரம் இதற்கென்றே தைக்கக் கொடுத்து வாங்கிய புது வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, முறுக்கிய மீசையோடு கையில் ஒரு பிரம்பு வைத்திருந்தார். படத்தில் வருவதைத் தொட்டுக்காட்ட வேண்டுமாம். மிஷினை ஓட்டக் காதர் மைதீனையே வரச்சொல்லியிருந்தார்.

முதல் டப்பாவில் துரையும் துரைசானியும் மலைமேல் நடந்தார்கள். இரண்டாவதில் டென்னிஸ். மூன்றாவதில் கிறிஸ்துமஸ் விருந்து, வெள்ளைக்காரர்கள் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு பிராந்தி குடித்தார்கள். படத்துக்குப் பேச்சும் கிடையாது, பாட்டும் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவன் வீட்டு விருந்தைப் பதினெட்டுத் தமிழர்கள் வேர்வை ஒழுகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது என்ன தேசத்துப் பிராந்தி என்பது பற்றிக் கணேசமூர்த்தி ஓர் அபிப்பிராயம் சொன்னார். எல்லாரும் அதை ஆமோதித்தார்கள். சுதந்திரம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

முதல் படத்திலேயே துரையின் தலை வேட்டிக்கு மேலே ஏறிக் கூரைச் சட்டத்தில் விழுந்தது. கலியாணசுந்தரம் பதறிப்போனார்.

“தலை போவுது நானா, தலை போவுது. எறக்குங்க.”

காதர் மைதீன் மிஷினின் முன்பக்கத்தைத் தாழ்த்தினார். துரையின் தலை வேட்டிக்குள் வந்து சேர்ந்தது. படத்தின் கீழ்ப்பகுதி வேட்டியைத் தாண்டி இறங்கிக் கறுப்புப் பலகையில் விழுந்து காணாமல் போயிற்று. டென்னிஸ் ஆடியவர்களுக்குக் கால் இல்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பெரிய கிராணியே கேட்காதபோது மற்றவர்கள் எதற்குக் கேட்கப்போகிறார்கள்?

நாலாவது டப்பா. கமலவேணி பாயின் ஓரத்தில் எழுந்து முழங்காலிட்டு உட்கார்ந்தாள். வேட்டியில் பங்களாவின் கூரை வந்தது. பிறகு துரை வந்தார், இடுப்புவரைக்கும். பக்கத்தில் துரைசானி. இருவரும் கீழே எதையோ குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். துரைசானி கை தட்டினாள். அவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது வேட்டியில் இல்லை. கீழே, கறுப்புப் பலகையில், ஏதோ மினுமினுத்து அசைந்தது. சோப்பு நுரையாக இருக்கலாம். அதன் பக்கத்தில் ஒருவன் குந்தியிருக்கிறான் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

“மிஷினை மேல தூக்குங்க” என்றாள்.

“தூக்கினா துரை தலை போயிடும்” என்று இருட்டிலிருந்து கலியாணசுந்தரம் சொன்னார்.

“போவட்டும். கீழே எங்கண்ணன் இருக்கான்.”

பாயில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். காதர் மைதீன் கையை மிஷினுக்குக் கொண்டுபோனார். “அப்படியே இருக்கட்டும் நானா. பெரியவங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க” என்று கலியாணசுந்தரம் அதட்டினார். மிஷின் அவருடையது, வீடும் அவருடையது. காதர் மைதீன் கையை எடுத்துக்கொண்டார். ரீல் ஓடிக்கொண்டேயிருந்தது.

பொம்பிளை பேச்சால் சபை கலைந்ததைச் சரிக்கட்ட நினைத்தார் கலியாணசுந்தரம். பிரம்பை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துபோய்த் திரைக்கு முன்னால் நின்றார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் துரையின் மார்பில் பிரம்பை வைத்தார்.

“இவர்தான் பெரிய துரை. முப்பத்தொம்பதுல எடுத்தது. முகத்துல என்ன கம்பீரம் பாருங்க” என்றார்.

அவருடைய வெள்ளைக் கோட்டின் முதுகில் தியாகு உட்கார்ந்திருந்தான்.

குந்தியிருந்தான். பதினாறு வயது. கையெல்லாம் நுரை. நாய் உதறியதில் கண்ணில் சோப்புத் தண்ணீர் பட்டு, தோளைத் தூக்கி அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்துவிட்டு நிமிர்ந்து நேராகப் பார்த்தான். காது இருந்தது. நெற்றி இருந்தது. கமலவேணி மறந்துபோயிருந்த அத்தனையும் இருந்தன. முன்பல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். அந்தப் பல் தெரிய அவன் சிரித்தான்.

“உட்காருங்க கிராணி, மறைக்குது” என்று பாயிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். “துரை தெரியல” என்றார் இன்னொருவர். நாற்காலியில் கணேசமூர்த்தி கனைத்தார். அந்தக் கனைப்பு கேட்டுக் கலியாணசுந்தரத்தின் தோள் அசைந்தது. தியாகுவின் முகம் பலகைப் பக்கம் நழுவியது.

“அசையாதீங்க” என்றாள் கமலவேணி.

ஒன்பது வருஷத்தில் அவள் அவருக்கு இட்ட முதல் கட்டளை. எழுந்து நின்று சொன்னாள். அவள் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. கலியாணசுந்தரம் பாம்பை மிதித்தவரைப்போல் பிரம்பும் கையுமாக நின்றுவிட்டார். கணேசமூர்த்தி மறுபடி கனைத்தார், இன்னும் பலமாக. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. நாற்காலி யாருக்குப் போனால் என்ன? அவள் கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். கண்ணீர் வந்தபோது புறங்கையால் வழித்து எறிந்துவிட்டுப் பார்த்தாள். தியாகு நாயின் காதைத் தூக்கிக் கழுவினான். பின்னால் சாய்ந்து தண்ணீரை மொண்டான். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், வாயைத் திறந்து என்னவோ பதில் சொன்னான். அந்த முகத்துக்கும் அவள் காதில் பதினாலு வருஷமாக இருந்த குரலுக்கும் அன்றைக்குத்தான் பொருத்தம் நடந்தது.

மிஷினில் படக்கென்று ஒரு சத்தம். ரீல் அறுந்து சக்கரத்தில் சடசடவென்று அடித்துக்கொண்டது. வேட்டியும் கோட்டும் ஒரே வெள்ளையாக இருந்தன. காதர் மைதீன் விளக்கை அணைத்துவிட்டு, துண்டு துண்டாக உதிர்ந்ததைக் கையில் ஏந்திக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் போகட்டும் என்பதுபோல் தலையசைத்தாள்.

கல்யாணமானதிலிருந்து அந்த மனுஷனால் அவளுக்கு ஒரு காரியம் ஆனது என்றால் அது அன்றைக்குத்தான். அதுவும் வாயை மூடிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றதால் ஆனது.

ஜன்னல் சாக்குகளை அவிழ்த்தார்கள். கணேசமூர்த்தி பலகாரத்தைத் தொடாமல் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் கலியாணசுந்தரம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். கோபப்படுவதா, வேண்டாமா என்று அவருக்கே முடிவாகவில்லை. முகமெல்லாம் ஈரமாக நின்றுகொண்டிருந்த பெண்டாட்டியைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

“நான் முன்னால நிக்கறப்ப துரை முகம் மறைச்சுதா?”

“துரையை யாரு பார்த்தா?” என்றாள் கமலவேணி.